எர்த் குழிக்கு இரண்டு குடம்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் காய்ச்சியது சாராயம் இல்லை, பேட்டரித் தண்ணீர். திருத்தங்கலில் எங்கள் தெருவில் யாரிடம் கேட்டாலும் பொன்னுத்தங்கம் வீட்டில் சாராயம் காய்ச்சினாள் என்றுதான் சொல்வார்கள். சொல்கிற வாயில் மண்ணைப் போட. ஒரு பொம்பளை எவர்சில்வர் பீப்பாயை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தால் இந்த ஊருக்கு வேறு எதுவும் தோன்றாது.

பீப்பாய் கதைக்கு முன்னால் குழிக் கதையைச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பதினாறு வருஷம் வேலை பார்த்தேன். புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற அறை. அந்த அறை வாசலில் ஒரு செம்புத் தகடு இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு நின்று, தகட்டில் உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சேலை உரசி உடம்பில் ஏறியிருக்கிற கரண்ட், தகடு வழியாக மண்ணுக்குள் போய்விடும். போகாமல் நம்மோடு உள்ளே வந்து, விரல் நுனியில் ஒரு பொறி தட்டினால் போதும். அப்புறம் ஆளை அடையாளம் காட்ட மோதிரத்தைத்தான் தேட வேண்டும்.

தகட்டிலிருந்து ஒரு கம்பி பின்னால் எர்த் குழிக்குப் போகும். உப்பும் கரியும் போட்டு மூடிய குழி. அது எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்துபோனால் தகடு வெறும் தகடு, தொட்டாலும் ஒன்றுதான், தொடாவிட்டாலும் ஒன்றுதான். அதனால் தினமும் காலையில் குழிக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட ஒரு ஆள் உண்டு. அந்த ஆள் என் புருஷன் ஊர்க்காவலன். மரியாதை கொடுத்துப் பேச எனக்கு இன்னும் மனசு வரவில்லை, அதனால் அவன் இவன் என்றுதான் சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2007 தீபாவளி சீசன். ஆவணி மாதம், ஒரு பொட்டு மழை இல்லை. குழி மேல் உப்பு வெடித்துக் கிடந்ததைப் பார்த்தேன். கையை விட்டேன். புழுதி. உள்ளே போக மாட்டேன் என்று வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். என்னைப் பார்த்து முப்பது பொம்பளைகள் உட்கார்ந்தார்கள். அரை நாள் வேலை நின்றது, லாரி லோடு இல்லாமல் திரும்பியது.

மறுநாள் காலையில் மேனேஜர் அய்யாதுரை ஒரு எலக்ட்ரீசியனைக் கூட்டிவந்து எல்லார் முன்னாலும் குழியைத் திறந்தார். உள்ளே சேறு. மீட்டர் வைத்துப் பார்த்தார்கள், ஒரு குறையும் இல்லை. ஊர்க்காவலன் ரெஜிஸ்டரை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"தெனமும் ரெண்டு குடம் ஊத்துறேன் ஐயா. இந்தா கையெழுத்து. ஒரு நா தவறல."

"அப்ப ஒம் பொண்டாட்டி பொய் சொல்றாளா?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. "எனக்குத் தெரியாது ஐயா," என்றான்.

அன்றோடு என்னை அனுப்பிவிட்டார்கள். சீசன் நேரத்தில் பொய் சொல்லி வேலையை நிறுத்தினவள் என்று பேர். எந்தக் கம்பெனி வாசலுக்குப் போனாலும் எனக்கு முன்னால் அந்தப் பேர் போய் நின்றது. என்னோடு உட்கார்ந்த பொம்பளைகளுக்கு அரை நாள் சம்பளம் போனது. அவர்கள் என்னைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அதுதான் எனக்குச் சாகிற மாதிரி இருந்தது. அவர்கள் உயிருக்குத்தானே நான் வாயைத் திறந்தேன்?

வீட்டில் கேட்டேன். சும்மா கேட்கவில்லை, சட்டையைப் பிடித்துக் கேட்டேன்.

"மேலாக்கக் காஞ்சிருக்கும் புள்ள. அடியில ஈரமாத்தான் இருந்துருக்கும். பத்ரகாளி ஆத்தா சத்தியமா நா ஊத்துனேன்," என்றான்.

சாமி மேல் சத்தியம் பண்ணுகிறவனை என்ன செய்ய? எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கையை எம்புட்டுத் தூரம் விட்டேன்? மணிக்கட்டு வரைக்குமா, முழங்கை வரைக்குமா? இன்னும் ஒரு சாண் தோண்டியிருந்தால் ஈரம் இருந்திருக்குமோ? சோறு பிசையும்போதுகூட என் கையை நானே பார்த்துக்கொண்டிருப்பேன். வேலை போனது பெரிதில்லை. நான் சொன்னது நிஜமா பொய்யா என்று எனக்கே தெரியாமல் போனதே, அதுதான் என்னை அரித்தது.

அடுத்த வருஷம் ஊரெல்லாம் கரண்ட் கட் ஆரம்பித்தது. வீட்டுக்கு வீடு, பிரஸ்ஸுக்குப் பிரஸ் இன்வெர்ட்டர் வாங்கினார்கள். சிவகாசியில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் நைனா முகம்மது பாய்தான் வழி சொன்னார். அவர் வீட்டில் நான் அப்போது பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

"இந்த ஊரு உப்புத் தண்ணிய ஊத்துனா பேட்டரி மூணு மாசத்துல செத்துப்போகுதும்மா. ஆவியாக்கி எறக்குன தண்ணிதான் ஊத்தணும். மதுரையில இருந்து கேன் வந்து சேர மாட்டேங்குது. நீ காச்சித் தா, நான் எடுத்துக்கிறேன்."

முதலில் பித்தளை அண்டாவில் விறகு வைத்துக் காய்ச்சினேன். பின்கட்டுக் கொட்டகையில் புகை எழும்பி ஐந்து நிமிஷம் இருக்காது, தெருவே மணல் வாளியோடு ஓடிவந்தது. "எங்க வெடிச்சது? எத்தன பேரு?" என்று ஒரே கூப்பாடு. நம்ம பக்கத்தில் வேளை கெட்ட வேளையில் கூரை மேல் புகை தெரிந்தால் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள், இருக்கவும் கூடாது. இரண்டாம் தடவையும் ஓடிவந்தார்கள். மூன்றாம் தடவை என்னை அடிக்க வந்தார்கள்.

சாத்தூரில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற என் தம்பி பாண்டிராஜ்தான், "நெருப்பே வேண்டாம்க்கா, கரண்டுல காச்சுவோம்," என்றான். விருதுநகர் பழைய இரும்புக் கடையில் அந்தப் பீப்பாயைக் கண்டுபிடித்தோம். தூத்துக்குடியில் கப்பலில் இருந்து இறங்கிய பீர் பீப்பாயாம். கனத்த எவர்சில்வர், ஐம்பது லிட்டர் பிடிக்கும். கடைக்காரன் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான். அந்தப் பல்லைத் தட்டியிருக்க வேண்டும்.

லேத்துப் பட்டறையில் பீப்பாயின் அடிப்பக்கம் ஒரு ஓட்டை போட்டு, வெந்நீர் கெய்சரில் போடுகிற ஹீட்டர் காயிலை வாஷர் வைத்து முறுக்கினோம். மேல் வாயை மூடி எவர்சில்வர் குழாய் ஒன்றைப் பற்றவைத்தோம். செம்புக் குழாய் ஆகாது, தண்ணீரில் செம்பு இறங்கினால் பேட்டரி கெட்டுவிடும் என்று பாய் சொல்லியிருந்தார். குழாயைச் சுருட்டி ஒரு டிரம் தண்ணீருக்குள் இறக்கினால், ஆவி குளிர்ந்து மறுமுனையில் சொட்டுச் சொட்டாக விழும். உப்பு ஏறிய காயிலை வாரம் ஒருமுறை புளி போட்டுத் தேய்ப்பேன். தண்ணீர் காயிலுக்குக் கீழே இறங்கிவிட்டால் காயில் எரிந்துவிடும், அதனால் பக்கத்தைவிட்டு நகர மாட்டேன். பீப்பாய் கொதிக்கிற சத்தத்தை வைத்தே உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

கரண்டும் தண்ணீரும் சேர்ந்த சாமான். எர்த் இல்லாமல் தொட மாட்டேன் என்று பாண்டிராஜிடம் சொல்லிவிட்டேன். கொட்டகைக்குப் பின்னால் நானே இடுப்பளவு குழி வெட்டினேன். உப்பு, கரி, நடுவில் குழாய். பீப்பாயின் உடம்பிலிருந்து அதற்குக் கம்பி இழுத்தோம். காலையில் இரண்டு குடம், சாயங்காலம் இரண்டு குடம். வாரத்துக்கு ஒரு நாள் நல்ல தண்ணீர் வருகிற ஊர். நான் குளிக்காமல் இருந்திருக்கிறேன், அந்தக் குழி குளிக்காமல் ஒரு நாள் இருந்ததில்லை.

கொட்டகை வாசலில் ஒரு செம்புத் தகட்டையும் அடித்து, அதே குழிக்குக் கம்பி கொடுத்தேன். தண்ணீர் காய்ச்சுவதற்குத் தகடு தேவையில்லைதான். பதினாறு வருஷப் பழக்கம், தொடாமல் ஒரு வாசலுக்குள் நுழைய என் கைக்கு வரவில்லை. என் அண்ணன் மகள் எழில், அதே கம்பெனியில் திரி அறையில் வேலை. சாயங்காலம் கம்பெனி வேனில் இறங்கியதும் கேன் நிரப்ப எனக்கு ஒத்தாசைக்கு வருவாள். இருபது வயசு. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, தகட்டில் கை வைத்துவிட்டு, "அத்தே, உத்தரவு வாங்கிட்டேன், உள்ள வரலாமா?" என்று கிண்டல் பண்ணிக்கொண்டே வருவாள். சிரித்தாலும் ஒரு நாள்கூடத் தொடாமல் வந்தது கிடையாது.

ஒரு வருஷம் நன்றாக ஓடியது. 2009 மே மாதம், அச்சங்குளத்தில் என் சித்தி மகள் வீட்டில் சடங்கு. இரண்டு நாள் போயாக வேண்டும். பீப்பாயைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஊர்க்காவலனைக் கூப்பிட்டேன்.

"குழிக்குக் காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டு. வேற ஒண்ணும் நீ புடுங்க வேண்டாம். வெயில்ல குழி காஞ்சா மண்ணு பிடிப்பு விட்டுப்போகும்."

"எனக்குத் தெரியாததா புள்ள? அதான என் வேலையே," என்றான்.

அதானே அவன் வேலை!

இரண்டாம் நாள் சாப்பாடு முடிந்ததும் நான் கிளம்பிவிட்டேன். திருத்தங்கலில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது மணி ஐந்து, வெயில் இன்னும் இறங்கவில்லை. தெருமுனையிலேயே ஊறல் நாற்றம் அடித்தது. அழுகிய பழமும் வெல்லமும் சேர்ந்த அந்த நாற்றத்துக்கு எங்கேயும் பேர் சொல்ல வேண்டாம். புகை இல்லை. ஒரு ஆள்கூட மணல் வாளியோடு ஓடவில்லை. அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

பின்கட்டில் கயிற்றுக் கட்டில் போட்டு ஊர்க்காவலனும் அவன் கூட்டாளி சுடலையும் உட்கார்ந்திருந்தார்கள். கையில் டம்ளர். கொட்டகைக்குள் என் பீப்பாய், நான் புளி போட்டுத் தேய்த்து வைத்த பீப்பாய், கொதி தணிந்து முனகிக்கொண்டிருந்தது.

"அடப்பாவி! பாய்க்குத் தண்ணி எறக்குற ஏனம்டா அது!"

"கத்தாத தங்கம். புகையில்ல, ஒண்ணுமில்ல, ஒரு பயலுக்குத் தெரியாது. நீதான வழி காட்டுன," என்று இளித்தான்.

சுடலைக்கு வாய் குழறியது. "மதினி, நல்ல மிஷினு. ஒடம்புதான் லேசா சுர்ருங்குது. மத்தியானத்துல இருந்து தொட முடியல. அதான் தள்ளி ஒக்காந்துருக்கோம்."

சுர்ரென்கிறதா? பீப்பாய் ஏன் சுர்ரென்கிறது? சுற்றிப் பார்த்தேன். வீட்டு ஸ்விட்சிலிருந்து பீப்பாய்க்கு வயர் போகவில்லை. மீட்டர் ஓடக் கூடாது என்று சுவருக்கு வெளியே போஸ்ட் கம்பியில் கொக்கி போட்டு ஒரு வயர் இழுத்திருந்தார்கள். காயிலின் இன்னொரு முனையை என் எர்த் கம்பியிலேயே கட்டியிருந்தார்கள். அதாவது போஸ்டில் இருந்து வருகிற கரண்ட் அத்தனையும் காயில் வழியாக என் குழிக்குள் இறங்க வேண்டும். குழி ஈரமாக இருந்தால் இறங்கும். காய்ந்திருந்தால் எங்கே போகும்? பீப்பாயில் நிற்கும். கம்பியில் நிற்கும். வாசல் தகட்டில் நிற்கும்.

"குழிக்குத் தண்ணி ஊத்துனியா?"

அவன் டம்ளரைப் பார்த்தான்.

"ஊத்துனியா இல்லையாலே?"

நான் கத்துகிற சத்தம் கேட்டு, வேனில் இறங்கிய எழில் முன்பக்கத்து நடையில் வந்துவிட்டாள். தோளில் சோத்து டப்பாப் பை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கொட்டகை வாசலில் வெறுங்காலோடு நின்றாள். "அத்தே, அதுக்குள்ள வந்துட்டீகளா," என்று சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினாள்.

"எழிலு! தொடாத!"

தொட்டுவிட்டாள்.

அவள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. உடம்பு ஒரு உதறு உதறி, தகட்டோடு கை ஒட்டிக்கொண்டது. அந்த இரண்டு ஆம்பளைகளும் கட்டிலில் வாயைப் பிளந்துகொண்டு இருந்தார்கள். முருங்கைக்காய் பறிக்கிற மூங்கில் துரட்டி சுவரில் சாய்ந்திருந்தது. அதை எடுத்துச் சுவர் மேல் இருந்த கொக்கி வயரை ஓங்கி அடித்தேன். இரண்டாம் அடியில் கழன்று தெருப்பக்கம் விழுந்தது. எழில் அப்படியே சரிந்தாள்.

மூச்சு இருந்தது. நெஞ்சைத் தேய்த்து, முகத்தில் தண்ணீர் அடித்து, கண் திறக்கிறவரைக்கும் நான் என்ன பேசினேன் என்று எனக்குத் தெரியாது. கெட்ட வார்த்தை அம்புட்டும் பேசியிருப்பேன். பக்கத்து வீட்டு ஆட்டோவில் அவளைத் தூக்கிப் போட்டோம். ஏறுவதற்கு முன்னால் கொட்டகைக்குப் பின்னால் ஓடி, குழிக்குள் கையை விட்டேன். புழுதி, சுடுகிற புழுதி. முழங்கை வரைக்கும் விட்டேன். இன்னும் ஒரு சாண் தோண்டினேன். அங்கேயும் புழுதிதான்.

சிவகாசி ஆஸ்பத்திரியில் உயிருக்குப் பயம் இல்லை என்றார்கள். வலது உள்ளங்கை வெந்துபோயிருந்தது. மூன்று விரல் மடங்க நாளாகும், திரி உருட்ட இனிமேல் ஆகுமா என்று பிறகுதான் சொல்ல முடியும் என்றார்கள். கட்டுப் போட்ட கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு எழில் என்னைப் பார்த்தாள்.

"தொட்டா நல்லதுன்னுதான அத்தே தொட்டேன்," என்றாள்.

நான் வராந்தாவுக்கு வந்தேன். ஊர்க்காவலன் சுவரோரமாகக் குத்தவைத்திருந்தான். போதை எல்லாம் இறங்கி, மூக்கு ஒழுக அழுதுகொண்டிருந்தான்.

"ரெண்டு குடம் ஊத்தியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது தங்கம். போன தடவ மாதிரி சமாளிச்சிரலாம்னு இருந்துட்டேன்."

"என்ன போன தடவ?"

வாயிலிருந்து விழுந்துவிட்டது. அவனால் திரும்ப எடுக்க முடியவில்லை.

"கம்பெனிக் குழி. நீ ஒக்காந்தியே, அதுக்கு முன்ன பத்து பதினஞ்சு நாளா நா ஊத்தல. திங்கக்கெழம வாரம் முச்சூடுக்கும் கையெழுத்துப் போட்டுருவேன். நீ ஒக்காந்ததும் பயந்துபோயி, அன்னைக்கு ராவே பத்துக் குடம் ஊத்துனேன்."

அவனை அடிப்பேன் என்று நினைத்திருப்பான், கையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டான். நான் அடிக்கவில்லை. இரண்டு வருஷமாக நான் பார்த்துப் பார்த்துச் சந்தேகப்பட்ட என் கையைத்தான் பார்த்தேன். அது பொய் சொல்லவில்லை. அன்றைக்கும் அது புழுதியைத்தான் தொட்டிருக்கிறது. வந்த ஆத்திரத்தில் எனக்குக் கண்ணீர்கூட வரவில்லை.

"காலையில எங்கூடக் கம்பெனிக்கு வார. வரலேன்னா எழில் அப்பன்கிட்ட சொல்லுவேன், அவன் வெட்டுவான்," என்றேன். வந்தான்.

காலை எட்டு மணி. பொம்பளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றிருந்தார்கள். எழிலுக்குக் கரண்ட் அடித்த செய்தி முன்னாலேயே வந்திருந்தது. மேனேஜர் அய்யாதுரை என்னைப் பார்த்ததும் ஓடிவந்தார்.

"ஒனக்கு இங்கன என்ன வேல? சீசன் ஆர்டரு தலைக்கு மேல கெடக்கு. மறுபடியும் ஆரம்பிச்சிராத தாயி."

"எனக்கு ஒண்ணும் இல்ல. இவனுக்குத்தான் சொல்ல வேண்டியது இருக்கு." அவன் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினேன்.

அவன் சொன்னான். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான், ஆனாலும் எல்லார் காதிலும் விழுந்தது. அய்யாதுரைக்கு முகம் கறுத்துப்போனது.

"பொண்டாட்டி மெரட்டலுக்குப் பயந்து ஒளறான். நம்ம கம்பெனியில எல்லாம் முறைப்படி நடக்குது. இந்தா, ரெஜிஸ்டரப் பாருங்க. நேத்து வரைக்கும் ஊத்துனதுக்குக் கையெழுத்து இருக்கு!" என்று விரித்து வரிசைக்கு நேரே நீட்டினார்.

நேற்றும் முந்தாநாளும் ஊர்க்காவலன் லீவு. என் கொட்டகையில் சாராயம் காய்ச்சிக்கொண்டிருந்தான். அந்த இரண்டு நாளுக்கும் கையெழுத்து இருந்தது. நாளைக்கும் இருந்தது, சனிக்கிழமைக்கும் இருந்தது.

வரிசையில் முதல் ஆள் பத்திரகாளி. அன்றைக்கு என்னோடு மரத்தடியில் உட்கார்ந்து சம்பளம் போனவள். இரண்டு வருஷமாக என் முகத்தைப் பார்க்காதவள். தகட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோன கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். வரிசையைவிட்டு விலகி, அறைக்குப் பின்னால் போய், குழி மூடியைத் தள்ளினாள். முழங்கை வரைக்கும் கையை விட்டாள். ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு வந்து, அய்யாதுரை விரித்துப் பிடித்திருந்த ரெஜிஸ்டர் மேல் போட்டாள். புழுதி.

"இதுக்குள்ளதான ஐயா எங்கள அனுப்புறீக?" என்றாள்.

அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தாள். பின்னாலேயே எல்லோரும் போனார்கள். இந்தத் தடவை வாசலில் ஒருத்தி மிச்சமில்லை.

அய்யாதுரை என் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது. "நீ ஒரு வார்த்த சொல்லும்மா. நீ சொன்னாக் கேப்பாக. ஒன் வேலைய வேணும்னாலும் திரும்ப—"

"ஒங்க வேல எனக்கு வேண்டாம். பீப்பாயக் கழுவணும், பாய்க்குக் கேன் குடுக்கணும், அந்தப் புள்ளைக்குக் கை சரியாகுற வரைக்கும் சோறு ஊட்டணும். எனக்கு வேல கெடக்கு," என்றேன். "மொதல்ல குழிக்குத் தண்ணி ஊத்தச் சொல்லுங்க."

ஊர்க்காவலன் தொட்டிப் பக்கம் போய்க் குடத்தை எடுத்தான். நான் குழியோரத்தில் நின்றேன். ஒன்று, இரண்டு என்று ஒவ்வொரு குடத்தையும் சத்தம் போட்டு எண்ணினேன். இரண்டு குடம் ஊற்றிவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

"ஊத்து," என்றேன்.